காதல் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்



சென்னைக்கு மேற்கே அம்பத்தூரிலும் ஆவடியிலும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்தவன் நான். அந்நாளில் நான் சிவப்பு மையால் திருத்திய தாள்கள் பல்லாயிரம் இருக்கும். அவற்றுள் ஒன்றுதான் இன்றும் வரிக்கு வரி என் நினைவில் நிற்கிறது. அது தேர்வுத்தாள் அன்று, ஒரு கடிதம். வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன்: அது ஒரு காதல் கடிதம்.

1991ஆம் ஆண்டு அது. எழுதியவள் என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். வீடு திருமுல்லைவாயிலில். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஆடை தைக்கும் ஆலை ஒன்றில் வேலை பார்த்து வந்தாள். கடிதத்தைப் பெறவேண்டியவரோ ராஞ்சிப் பக்கத்திலிருந்து ஆவடிக்குப் பணியாற்ற வந்த ஒரு கிறித்தவ இளைஞர். அவருக்குத் தமிழ் தெரியாது. இவளுக்கு இந்தி தெரியாது. மின்சார ரயிலில் தொடங்கிய பழக்கத்தை இருவரும் அரைகுறை ஆங்கிலத்தைக் கொண்டே வளர்த்து வந்தனர். 'பிழை இல்லாமல் இருக்கவேண்டும் சார். அவர் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடாது' என்று சொல்லித் தாளை நீட்டினாள்.

வாங்கிப் பார்த்தேன். 'ஐ ஹேவ் லவ் ஆன் யூ' என்று இருந்தது. உங்கள்மேல் எனக்குக் காதல் உண்டு என்னும் தமிழ்த் தொடர் ஆங்கில உடை உடுத்தி நின்றது. ஆசிரியனுக்குப் பழகிய கை அல்லவா? சிவப்பு மையால் அதனை அடித்து, மேலே 'ஐ ஹேவ் ஃபாலன் இன் லவ் வித் யூ' என்று எழுதினேன். 'இதுதான் ஆங்கிலேயர் வழக்கு' என்றும் கூறினேன். அவள் அந்தத் தொடரை இரண்டு முறை படித்தாள். பிறகு கேட்டாள்: 'ஃபாலன் என்றால் விழுந்துவிட்டேன் என்றுதானே சார் பொருள்? நான் விழவில்லையே. ஆறு மாதம் யோசித்துத்தான் எழுதுகிறேன்.'

அந்த வினாவுக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வழக்கு அப்படித்தான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அவள் கேள்வி என்னை விடவில்லை. விடுமுறை நாள்களில் கன்னிமாரா நூலகத்தில் அமர்ந்து நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கின்றேன்.

ஒரு சொல்லைக் கற்பவன் அதன் பொருளை மட்டும் கற்றால் போதாது. அச்சொல் எந்தச் சொல்லோடு கூடி வாழ்கிறது என்பதையும் கற்கவேண்டும். இவ்வுண்மையை ஆங்கிலம் கற்பிக்கும் துறையில் அழுத்திக் கூறியவர் ஹெரால்டு பாமர் என்னும் ஆங்கிலேயர். அவர் ஜப்பானில் ஆங்கிலக் கல்விப் பணியில் ஈடுபட்டிருந்தபோது, சேர்ந்தே வழங்கும் ஆங்கிலச் சொற்கூட்டங்களைத் திரட்டி 1933இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். அவருடன் உழைத்த ஹார்ன்பி என்பவர் தம் தோழர்களுடன் உருவாக்கிய அகராதி 1942இல் அந்நாட்டிலேயே அச்சேறியது. பின்னர் 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அதனை ஏற்று வெளியிட்டது. அதன் வழித்தோன்றல் ஒன்றே என் மேசைமேல் ஆண்டுக்கணக்காகக் கிடந்தது. இச்சொற்கூட்டுறவை மொழியியற் கொள்கையாக உயர்த்தியவர் ஃபெர்த் என்னும் பேராசிரியர். அவர் 1919 முதல் 1928 வரை லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஆர்டன் எழுதிய தமிழ் இலக்கண நூலுக்குத் தமிழ் ஒலிப்பைப் பற்றி 1934இல் ஓர் இணைப்பும் எழுதியவர். ஒரு சொல்லை அதன் தோழரைக் கொண்டு அறியலாம் என்னும் கருத்துக்கு உரியவர், நம் தமிழையும் செவிமடுத்தவர் என்பதை அறிந்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாயிற்று.

ஆயினும் இது மேலைநாட்டார் புதிதாகக் கண்ட செய்தி என்று நாம் வியக்க வேண்டுவதில்லை. யானையின் இளமைக்குக் கன்று என்பதும் நாயின் இளமைக்குக் குருளை என்பதும் மரபு என வகுத்தவர் தொல்காப்பியர். அடிசில் என்னும் சொல்லில் உண்பனவும் தின்பனவும் பருகுவனவும் அடங்கும். ஆதலால் அதற்கு உண்டார் என்னும் ஒருவினை பொருந்தாது, அயின்றார் என்னும் பொதுவினையே பொருந்தும் என்று அவர் விதிக்கு உரைகாரர் விளக்கம் தருவர். எந்தப் பெயருக்கு எந்த வினை துணை என்று ஆராய்வது நம் முன்னோர்க்கும் தொழிலாகவே இருந்தது.

இனி, அப்பெண் வெறுத்த 'விழுதல்' என்னும் வினைக்கு வருவோம். ஆங்கிலேயர் 500 ஆண்டுகளுக்கும் மேலாகக் காதலில் விழுந்துகொண்டே இருக்கின்றனர். அவர்கள் காதலில் மட்டும் விழுவதில்லை. உறக்கத்தில் விழுவர், நோயில் விழுவர், மௌனத்திலும் விழுவர். விரும்பி முயலாமல் தானே வந்து கவியும் நிலை எதுவாயினும் அதற்கு 'ஃபால்' என்னும் வினையை அவர்கள் துணையாக்குவர். ஆகவே அவர்கள் செவிக்கு அதில் இழிவு தோன்றாது. நம் செவிக்கோ தோன்றும். நாம் கடனில் விழுகிறோம், வலையில் விழுகிறோம், பிறர் காலில் விழுகிறோம். விழுந்தவன் எழவேண்டும் என்பதே நம் எண்ணம்.

'மேக் லவ்' என்னும் மற்றொரு கூட்டின் வரலாறு இன்னும் சுவையானது. பதினாறாம் நூற்றாண்டு முதல் நெடுங்காலம் அதற்கு ஒருத்தியை நயந்து இன்சொல் பேசுதல் என்பதே பொருள். 1815இன் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் 'எம்மா' என்னும் நாவலில், வண்டியில் அருகே அமர்ந்து சொல்மாரி பொழியும் பாதிரியாருக்கு அத்தொடர் வருகிறது. இருபதாம் நூற்றாண்டில் அது முற்றிலும் வேறொரு பொருளுக்கு உரியதாயிற்று. சொற்கள் இரண்டும் மாறவில்லை. கூட்டின் பொருள் மாறிவிட்டது. பழைய நாவலை வகுப்பில் படிக்கும் ஆசிரியர்கள் அந்த வரி வருமுன்னே இருமத் தொடங்குவதன் காரணம் இதுவே.

நம் தமிழில் காதலுக்குத் துணையாக வரும் வினைகள் யாவை? காதல் கொண்டான் என்கிறோம். காதல் வைத்தான், காதல் பூண்டான் என்கிறோம். கொள்ளுதலும் வைத்தலும் பூணுதலும் கையால் செய்யும் செயல்கள். அணியைப் பூணுவது போலக் காதலையும் ஒருவர் பூணுகின்றார். 'அன்பு கூர்ந்தார்' என்றும் சொல்லுகிறோம். கூர்தல் என்றால் உள்ளது மேலும் மிகுதல். தமிழ் விவிலியத்தை ஆக்கியோர் இறைவன் உலகின்மேல் கொண்ட அருளுக்குக் காதல் என்னும் சொல்லை எடுக்காமல் அன்புகூர்தல் என்பதை எடுத்தாண்டது இத்தகைய நுட்பம் அறிந்தே ஆகும். ஆங்கிலத்தில் கடவுளுக்கும் கணவனுக்கும் மாம்பழத்துக்கும் 'லவ்' என்னும் ஒரு சொல்லே போதும், நமக்குப் போதாது.

ஆனால் தமிழ்க் காதல் முழுதும் ஆராய்ந்து செய்வது என்று நான் சாதித்துவிடக்கூடாது. காதல் வயப்பட்டான், மையல் உற்றாள் என்னும் தொடர்களும் நம்மிடம் உண்டு. படுதலும் உறுதலும் ஒருவர் தாமே செய்வன அல்ல, அவர்மேல் வருவன. திருவள்ளுவர் காமத்துப்பாலில் 250 குறள்கள் பாடியவர். அவரே 'காதலிக்கும்' என்னும் வினையைப் பொருட்பாலில் சூதாட்டத்துக்கு வைத்திருக்கின்றார். பொருளை இழக்க இழக்கச் சூதின்மேல் ஆசை பெருகுவதைச் சொல்லும் இடம் அது. காதலிலும் ஒரு கட்டுக்கடங்காமை உண்டு என்பது அவருக்குத் தெரியாததா? பழந்தமிழர் மறுபக்கத்தையும் கண்டனர். குறுந்தொகையில் நிலத்தினும் வானினும் நீரினும் பெரிது என்று தலைவி தன் உறவை அளக்கும்போது, அதற்கு அவள் இடும் பெயர் நட்பு. ஆணும் பெண்ணும் கொள்ளும் காதலை நட்பு என்று அழைக்கும் துணிவு இன்றைய தமிழுக்குக் குறைந்துவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

வேற்றுமை உருபையும் சற்றுக் கருதுங்கள். ஆங்கிலேயர் ஒருவரோடு காதலில் இருப்பர். நாம் ஒருவர்மேல் காதல் வைப்போம். தோளின்மேல் கை வைப்பது போல அது அவர்மேல் அமர்கின்றது. என் மாணவி 'ஆன்' என்று எழுதியது பிழைதான்; ஆனால் அப்பிழைக்குள் ஈராயிரம் ஆண்டுத் தமிழ் இருந்தது.

காதலைப் பற்றி நான் அவள் வகுப்புக்குக் கற்பித்த மற்றொரு கூட்டு 'லவ் இஸ் பிளைண்ட்' என்பது. காதலுக்குக் கண் இல்லை என்று அதனைத் தமிழாக்கி எழுதச் சொன்னேன். சாசர் காலந்தொட்டு ஆங்கிலத்தில் வழங்குவது அது, ஷேக்ஸ்பியரும் ஆண்டிருக்கின்றார். காதலிப்பவர்க்குக் காதலரின் குற்றம் தெரியாது என்பது கருத்து. ஆனால் அவள் பிறந்த திருமுல்லைவாயிலிலேயே காதலையும் கண்ணையும் இணைக்கும் வேறொரு வரலாறு இருக்கின்றது. அதனை அன்று நான் வகுப்பில் சொல்லவில்லை. இப்போது சொல்கின்றேன்.

சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூருக்கு வந்தார். இறைவனுக்குப் பூத்தொடுக்கும் மண்டபத்தில் சங்கிலியைக் கண்டார்; மனம் கொடுத்தார். சங்கிலியோ எளிதில் இசையவில்லை. திருவாரூரில் பரவை இருக்கின்றாளே என்பது அவள் கேட்ட கேள்வி. பிரிந்து போகமாட்டேன் என்று சூளுரைத்தால் மணப்பேன் என்றாள். மகிழ மரத்தடியில் சுந்தரர் சூளுரைத்தார், மணமும் நிகழ்ந்தது. பின்பு இளவேனில் வந்தது. ஆரூரின் நினைவும் வந்தது. சூளை மறந்து ஒற்றியூரின் எல்லையைக் கடந்தார். கடந்ததும் இரு கண்ணும் ஒளி இழந்தன. பார்வை இழந்த அடியார் வழி தடவி வந்து பாடிய தலம்தான் நம் வட திருமுல்லைவாயில். அப்பதிகத்தில் சங்கிலியின் பெயரையும், அவள்பொருட்டுத் தம் கண் போனதையும் அவரே மறைக்காமல் சொல்கின்றார். பின்னர்த் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் பெற்றார் என்பது பெரிய புராணம். இதனை விரித்துப் பாடிய சேக்கிழாரும் நமக்கு அயலூரார் அல்லர். பூந்தமல்லிக்குத் தெற்கே உள்ள குன்றத்தூரில் பிறந்தவர்.

இங்கே கண் போனது காதலித்ததால் அன்று. காதலுக்குக் கொடுத்த வாக்கை விட்டதால். ஆங்கிலக் கூட்டில் காதல் கண்ணைக் கெடுக்கிறது. நம் ஊர் வரலாற்றில் பிரிவு கெடுக்கிறது. முல்லை என்பது அகப்பொருளில் காத்திருத்தலுக்கு உரிய திணை. தொண்டைமானின் யானைக் காலை முல்லைக்கொடி பிணித்த ஊர் என்று தலபுராணம் பேசும் அவ்வூரில், காத்திருந்த ஒருத்தியை விட்டு வந்தவர் கண்ணீர் விட்டுப் பாடினார் என்பதை எண்ணும்போதெல்லாம் என் உள்ளம் நெகிழ்கிறது. (ஆங்கிலேயரின் நெஞ்சம் உடையும், நம் நெஞ்சம் நெகிழும், உருகும். இதுவும் கூட்டுறவின் வேறுபாடே.)

அப்படியானால் ஆங்கிலக் கூட்டுகள் எப்படி நம் நாவில் ஏறின? 1856இல் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் சென்ற தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை அம்பத்தூர், ஆவடி வழியேதான் சென்றது. பூந்தமல்லியில் ஆங்கிலப் படையினர் தங்கியிருந்தனர். இரண்டாம் உலகப் போரில் ஆவடி பெரும் படைத்தளமாயிற்று. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. எங்கெங்கோ பிறந்தவர்கள் ஒரே ரயில் பெட்டியில் நின்று பயணம் செய்யும் நிலை வந்தது. சாதி கேட்டுப் பழகியவர்கள் பெயர் கேட்டுப் பழகினர். அவர்களுக்குப் பொதுவான சொற்கள் வேண்டியிருந்தன. திரைப்படமும் அவற்றைக் கொண்டுவந்து கொட்டியது. 1953இல் 'தேவதாஸ்' வந்தபின் காதலில் தோற்றவன் என்றால் எல்லார்க்கும் ஒரே உருவம் கண்ணில் நின்றது. 1964இல் 'காதலிக்க நேரமில்லை' என்று சிரித்துக்கொண்டே சொல்ல முடிந்தது. 2008இல் 'காதலில் விழுந்தேன்' என்பதே ஒரு படத்தின் பெயராயிற்று. விழுதல் தமிழுக்குள் குடியேறிவிட்டது. 'லவ் பண்ணுகிறேன்' என்பதும் அத்தகையதே. பெயர் ஆங்கிலம், வினை தமிழ். பண்ணுதல் செயல்தான் என்பதால் அதனை நான் விழுதலைவிட மதிக்கின்றேன். இலக்கணப் புலவர் பொறுத்தருள்க.

இரண்டு கூட்டுகளை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்று 'லவ் மேரேஜ்'. பணத்துக்காகச் செய்யும் மணத்திலிருந்து பிரித்துக் காட்ட ஆங்கிலேயர் ஒருகாலத்தில் 'லவ் மேட்ச்' என்றனர். இன்று அவர்களுக்கு அத்தொடர் மிகுதியாகத் தேவைப்படுவதில்லை; மணம் என்றால் காதலும் உடன்வருவதாகக் கொள்கின்றனர். நாமோ காதலைத் திருமணத்துக்கு அடைமொழியாக்கி, திருமணங்களை இரு சாதியாகப் பிரித்துவிட்டோம். மற்றொன்று 'காதல் விவகாரம்'. 'லவ் அஃபேர்' என்பதன் தமிழாக்கம் அது. 'அஃபேர்' என்பது செய்தி, காரியம் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வழிச் சொல். நம் செய்தித்தாள்கள் அதற்கு வழக்காடு மன்றத்தின் சொல்லைத் துணை சேர்த்தன. ஒரு பெண் கிணற்றில் பிணமாகக் கிடந்தால், காரணம் காதல் விவகாரம் என்று ஒரு வரியில் செய்தி முடிந்துவிடும். கொன்றவர் யார் என்னும் கேள்வி அந்த ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகிறது. களவு என்பதை ஒழுக்கமாகப் போற்றி இலக்கணம் வகுத்த மொழியில், கள்ளக்காதல் குற்றப் பக்கத்துக்கு உரிய தலைப்பாகிவிட்டது. அண்மைக் காலத்தில் சில இதழ்கள் அச்சொல்லை விட்டுத் திருமணம் கடந்த உறவு என்று எழுதுகின்றன. அது நல்லதே.

சட்டத்தின் மொழி இவ்வகையில் தூயது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 1954இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டத்தில், காதல் என்னும் சொல்லைக் கூட்டித் திருமணத்துக்கு வகை பிரித்தல் இல்லை. இருவர் மணக்க விரும்புகின்றனர் என்னும் அறிவிப்பு 30 நாள் அலுவலகத்தில் தொங்கும். பிறகு மூன்று சாட்சிகள் முன்னிலையில் மணம் பதிவாகும். அவ்வளவே.

என் மாணவியின் அறிவிப்பும் அவ்வாறு தொங்கியது. யாரோ அதனைப் படித்து அவள் தந்தையிடம் கூறிவிட்டனர். மிதிவண்டி பழுதுபார்க்கும் தொழிலாளி அவர். ஒருநாள் மாலை என் வீட்டு வாயிலில் வந்து நின்றார். உள்ளே அழைத்தேன், வரவில்லை. 'கடிதத்தை நீங்கள்தான் எழுதிக் கொடுத்தீர்களாமே சார்' என்றார். திருத்தினேன் என்றேன். அவருக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டிருக்கும். சற்று நேரம் தரையைப் பார்த்து நின்றுவிட்டு, 'பிள்ளை விழுந்துவிட்டாள் சார்' என்றார்.

நான் சிவப்பு மையால் எழுதிய அதே சொல். என் நாக்கு உலர்ந்துவிட்டது. 'இல்லை ஐயா, அந்தச் சொல்லை நான்தான் எழுதினேன். அவள் அதை அடித்துவிட்டாள். ஆறு மாதம் யோசித்ததாகச் சொன்னாள்' என்றேன். ஆம் நேயர்களே, அவள் அடித்திருந்தாள். தூய பிரதி எடுத்தபின் என்னிடம் காட்ட வந்தபோது நான் பார்த்தேன். என் திருத்தத்தை விட்டுவிட்டுத் தன் பழைய தொடரையே வைத்திருந்தாள். 'ஆன்' என்பதைக்கூட மாற்றவில்லை. 'அவருக்குப் புரியும் சார்' என்றாள்.

தந்தை ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

பதிவு நாளில் மூன்று சாட்சிகளுள் ஒருவனாக நான் கையெழுத்திட்டேன். மற்ற இருவரும் அவளோடு தையல் எந்திரத்தில் உட்கார்ந்த தோழியர். வெளியே வந்தபோது அவள் எதிர்ச்சாரியைப் பார்த்து நின்றுவிட்டாள். அங்கே தேநீர்க் கடையின் ஓரத்தில், மிதிவண்டியைப் பிடித்தபடி அவர் நின்றுகொண்டிருந்தார்.